பட்டியலில் ஏறாத சாவுகள்

"பெயரும் ஊரும் தெரியாத பிணத்தை எப்படித் தோழர் கணக்கில் சேர்ப்பது? அது கற்பனை ஆகாதா?" போரில் இறந்தோர் எண்ணிக்கை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நேர்மையான கேள்விதான். ஆனால் இதையே அரசுகளும் கேட்டு நழுவுவதால் பதில் சொல்லியாக வேண்டும்.

பெரு நாட்டில் 1980 முதல் 2000 வரை 'ஒளிரும் பாதை' இயக்கத்துக்கும் அரசுப் படைகளுக்கும் நடந்த மோதலை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 2003 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. பெயரோடு பதிவான கொலைகளும் காணாமலாக்கப்பட்டோரும் சுமார் 24,000. ஆணையம் மதிப்பிட்டதோ 69,280. அதுவரை அந்நாட்டில் பேசப்பட்ட பெரிய எண்ணே 35,000 அளவில்தான். மீதிப் பேர் எங்கிருந்து வந்தார்கள்?

வெவ்வேறு அமைப்புகள் தனித்தனியே எடுத்த பட்டியல்களை ஒப்பிட்டதிலிருந்து. அமெரிக்கப் புள்ளியியலாளர் பாட்ரிக் பால் தலைமையிலான குழு செய்த வேலை இது. இரண்டு பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 100 பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பெயர் இரண்டிலும் இருந்தால், முதல் பட்டியலில் பாதியை இரண்டாவது பிடித்திருக்கிறது. அப்படியானால் இறந்தோர் எல்லோரிலும் பாதியைத்தான் அது பிடித்திருக்கும், மொத்தம் 200. பொதுப் பெயர் வெறும் 10 என்றால்? மொத்தம் 1,000. நம் கையில் 190 பெயர்; 810 பேர் யாருடைய ஏட்டிலும் இல்லை. குளத்து மீனை எண்ணவும் இதே வழிதான்.

ஓட்டை இல்லாமல் இல்லை. சாலையோரக் கிராமத்தின் சாவு இரண்டு பட்டியலிலும் ஏறும், மலைமேல் விழுந்த சாவு இரண்டிலும் ஏறாது. அப்போது பொதுப் பெயர்கள் கூடி, கணக்கு உண்மையைவிடக் குறைந்துவிடும். அதனால்தான் மூன்று பட்டியல்கள், வட்டாரவாரியான கணக்கு, '61,007க்கும் 77,552க்கும் இடையில்' என்ற ஒப்புதல். 2019இல் சில்வியோ ரெண்டோன் என்ற பொருளியலாளர் இதை மறுத்து 48,000 என்றார். பால் தரப்பு பதில் எழுதியது. வாதம் நடக்கட்டும். ஆனால் மறுத்தவரின் எண்ணே பதிவானதைப்போல் இரு மடங்கு!

யார் அந்த எண்ணப்படாதவர்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை. ஆணையத்துக்குத் தெரியவந்த பலியானோரில் 75 விழுக்காட்டினர் கெச்சுவா முதலிய பூர்வகுடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1993 கணக்கெடுப்பில் அம்மொழியினர் 16 விழுக்காடுதான். அயகூச்சோ மாநிலத்தில் செத்த விகிதத்தில் நாடு முழுதும் செத்திருந்தால் 12 இலட்சம் பேர், தலைநகர் லிமாவில் மட்டும் 3,40,000 பேர் இறந்திருப்பார்கள் என்கிறது அறிக்கை. லிமாவில் அத்தனை சாவு விழுந்திருந்தால் இருபது ஆண்டு கழித்துப் புள்ளியியலாளரைக் கூப்பிட வேண்டி வந்திருக்குமா? சேரிச் சாவு எந்த ஏட்டில் ஏறும், எதில் ஏறாது என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெயர்ப் பட்டியல் மட்டுமே போதும் என்பவர், சொல்ல ஆள் இருந்தவர்களை மட்டும் எண்ணுகிறார். நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன்.

2018இல் பால் இதே முறையை ஈழத்துக்கும் கொண்டுவந்தார். 2009 மே மாதம் போரின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமற்போனவர்கள் சுமார் 500 பேர் என்று மதிப்பிட்டார். சரணடைந்தோர் பட்டியலைக் கொடு என்று தாய்மார்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.