இரைச்சலை அழிக்கக் கிளம்பிய என் பிள்ளைகளுக்கு

அன்புள்ள மாணவர்களே, மருமக்களே, பேரப்பிள்ளைகளே,

போன மாதம் இங்கே ஒரு சின்னப் புலம்பல் போட்டிருந்தேன். மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பாட்டுப் பெட்டியில், அதாவது சட்டைப் பையில் அடங்குகிற அந்த 'ஹை-ரெஸ் பிளேயரில்', ஏதோ இரைச்சல் வருகிறது. நாதஸ்வரத்துக்குப் பின்னால் பானைக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி கேட்கிறது. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த பதில்களை எல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம், வருகைப் பதிவேட்டில் குறி போட மாட்டேன்.

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க சார்" என்றவர்கள்தான் அதிகம். "வயசாயிட்டா காதுல இரைச்சல் வரத்தான் செய்யும், டாக்டரைப் பாருங்க பெரியப்பா" என்றவர்கள் அடுத்து. (பார்த்தாயிற்று. காதில் கோளாறு இல்லை. பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் கேட்பதில்லை, அவ்வளவுதான். எழுபதைத் தாண்டியவனுக்கு அது நியாயம்தான்.) "ஒரு ஆப் இருக்கு, எல்லா நாய்ஸையும் கிளீன் பண்ணிரும்" என்று சுட்டி அனுப்பியவர்கள் மீதிப் பேர். நான் போய்ப் பார்த்த ஒரு கடைக்காரர் பெட்டியைக் காதில்கூட வைத்துப் பார்க்காமல் "போர்டு போயிருச்சு, நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். அவரை விடுங்கள், அவர் என்னிடம் படித்தவர் இல்லை.

நீங்கள் படித்தீர்களே! ஒருவராவது, ஒரே ஒருவராவது, "சார், சத்தம் எப்போ வருது, எப்போ நிக்குது?" என்று கேட்டீர்களா? முப்பது வருஷம் அறிவியல் ஆய்வகத்தில் நின்று தொண்டை கிழியச் சொன்னது அது ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, என்ன ஆகிறது என்று பார், நோட்டில் எழுது. இன்றைக்குப் பெங்களூரிலும் துபாயிலும் பெரிய பெரிய இயந்திரங்களைக் கட்டி மேய்க்கிற ஆட்களுக்கு ஒரு பாட்டுப் பெட்டியிடம் நாலு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

சரி, நானே கேட்டேன்.

முதலில் பாட்டை நிறுத்திவிட்டு, பெட்டி ஓடும்போதே காதில் வைத்துக் கேட்டேன். 'ஸ்ஸ்' என்று மெல்லிய ஒரு சீறல் இருந்தது. பாட்டு இல்லாமலே வருகிறதென்றால் அது பாட்டில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. ஆனால் பெட்டி கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. காதுக்குள் நுழைக்கிற சின்ன இயர்போன்கள் மிகவும் கூர்மையானவை. கொஞ்சம் மின்சாரம் கிடைத்தாலே கத்தும். பெட்டியிலோ 'கெய்ன்' என்கிற அமைப்பு உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. பெரிய ஹெட்போனுக்கான உயரம் அது. தாழ்வுக்கு மாற்றினேன், சீறல் போன இடம் தெரியவில்லை. செலவு இல்லை.

அடுத்தது 'டட்-டட்-டட்-டர்ர்ர்' என்று அவ்வப்போது வருகிற தந்திச் சத்தம். அது எல்லா நேரமும் வராது, வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் வரும், மாடியில் வராது. நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. திண்ணையில் செல்போன் சிக்னல் குறைவு. சிக்னல் குறைந்தால் போன் கோபுரத்தை எட்டுவதற்காகக் கூடுதல் சக்தியோடு கத்தும். பழைய 2ஜி முறைக்கு இறங்கினால் நொடிக்கு 217 தடவை விட்டு விட்டுக் கத்தும். அந்தத் துடிப்பைப் பக்கத்தில் இருக்கிற இயர்போன் கம்பி ஆன்டெனா போலப் பிடித்துக்கொள்ளும். நான் போனையும் பெட்டியையும் ஒரே சட்டைப் பையில் வைத்திருந்தேன். போனை வேட்டி மடிப்புக்கு மாற்றினேன். தீர்ந்தது.

மூன்றாவது, பெட்டியைப் பழைய ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துக் கேட்கும்போது வந்த 'ம்ம்ம்' என்ற உறுமல். சார்ஜர் செருகியிருந்தால் உண்டு, பிடுங்கினால் இல்லை. இரண்டு கருவிகளும் இரண்டு வழியாக வீட்டு மின்சாரத்தைத் தொட்டுக்கொண்டு நடுவில் ஒரு கம்பியாலும் இணைந்திருந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும் அந்தச் சுற்றுக்குள் புகுந்து உறுமும். பேட்டரியில் ஓடவிட்டுக் கேள், அவ்வளவுதான்.

மூன்றும் போன பிறகும் அந்தப் பானைத் தண்ணீர் மட்டும் போகவில்லை. பாட்டை நிறுத்தினால் நின்றது, ஓடவிட்டால் வந்தது. வேறு இயர்போனிலும் வந்தது. அதே கோப்பை மகளின் மடிக்கணினியில் போட்டால் அங்கேயும் வந்தது. நண்பர் ஒருவர் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த காருகுறிச்சி அருணாசலத்தின் ஆலாபனையைப் போட்டேன். கடலை வறுக்கிற மாதிரி படபடவென்று பொரிந்தது, ஆனால் பானைத் தண்ணீர் இல்லை. ஆக, கோளாறு பெட்டியில் இல்லை. மருமகன் அனுப்பிய கோப்பில் இருந்தது.

இந்த இடத்தில் என் தங்கச்சி மகன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

போன தீபாவளிக்கு வந்தவன், பீரோவின் அடித்தட்டில் இருந்த 38 கேசட்டுகளில் ஆறை எடுத்துப் போனான். "மாமா, எல்லாத்தையும் ஹை-ரெஸ்ஸா மாத்தி, நாய்ஸ் எடுத்து, பளிச்னு தாரேன்" என்றான். தந்தான். அதில் முதலாவது, 1984-இல் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்த அவன் அம்மாவின் கல்யாணம். நாதஸ்வரமும் தவிலும் முக்கால் மணி நேரம். நான்தான் டூ-இன்-ஒன்னைப் பந்தல் காலில் கட்டிவைத்துப் பதிவு செய்தேன்.

அதன் இன்னொரு பிரதி நாலாட்டின்புதூரில் பெரியக்கா வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். காப்பிக்குக் காப்பி; இரைச்சல் மருமகன் எடுத்துப் போனதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். டேப் ரிக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. நம் கரிசல் தூசி வீட்டுக்குள் எங்கே போகாமல் இருந்திருக்கிறது? போட்டுக் கேட்டேன். சீறல் இருந்தது. பானைத் தண்ணீர் இல்லை. சுருதிப்பெட்டி இருந்தது! மருமகன் தந்த கோப்பில் நாதஸ்வரம் அந்தரத்தில் தொங்குவது போல இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் உறைத்தது. அதில் சுருதியே இல்லை.

எப்படிப் போனது? இந்த இரைச்சல் நீக்கிகளில் பரவலாக உள்ள ஒரு வகை வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். பாட்டு ஆரம்பிக்கும் முன் உள்ள சில விநாடிகளை நீங்கள் குறித்துக் கொடுக்கிறீர்கள்: 'இதுதான் வெறும் இரைச்சல், இதைப் போல இருப்பதை எல்லாம் எடு.' அது ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு சத்தம் இருந்தது என்று கணக்கு எடுத்துக்கொண்டு, பாட்டு முழுக்க அந்த அளவுக்குக் கீழே இருப்பதை அமுக்கிவிடுகிறது. ஆனால் நம் கச்சேரியில் முதல் சில விநாடிகளில் என்ன இருக்கும்? வித்துவான் சீவாளியை நனைத்துக்கொண்டிருப்பார், சுருதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மாறாமல், நிற்காமல், ஒரே மட்டத்தில். இயந்திரத்துக்கு அதுதான் இரைச்சலுக்கு இலக்கணம். மேல்நாட்டான் தன் பாட்டுக்குச் செய்த கருவிக்கு நம் சுருதி குப்பையாகத் தெரிகிறது. அதன் மேல் தப்பில்லை. அதன் கையில் எதைக் கொடுத்தோம் என்று பார்க்காதவன் மேல்தான் தப்பு.

தவிலின் வலந்தலையில் விழுகிற அடியின் முதல் வெடிப்பு இருக்கிறதே, அதுவும் பரந்து சிதறுகிற சத்தம்தான், சீறலோடு உடன்பிறப்பு. அதன் முனையும் மழுங்கிவிட்டது. போகிற போக்கில் கருவி ஒரு புதிய சத்தத்தையும் விட்டுச் சென்றது. அமுக்குவதா விடுவதா என்று எல்லைக்கோட்டில் தத்தளிக்கிற துணுக்குகள் விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பதால் வருகிற கொப்பளிப்பு அது. நான் மூன்று மாதமாகத் தேடிய பானைத் தண்ணீர் அதுதான். இரைச்சலை எடுத்ததால் வந்த இரைச்சல்.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். பெரியக்கா கேசட்டில் பக்கம் ஒன்று முடிகிற இடத்தில், தவில் தனி ஓய்ந்து ஒரு மூச்சு இடைவெளி வருகிறது. அங்கே தூரத்தில், அடுப்படிப் பக்கமிருந்து, "ஏலே, மேளகாரங்களுக்கு எலை போட்டாச்சான்னு கேளு" என்று ஒரு குரல். அம்மா. 1991-இல் போய்விட்டாள். அவள் குரல் வேறு எந்தப் பதிவிலும் இல்லை, ஏனென்றால் மைக்கை நீட்டினால் அவள் வாயைப் பொத்திக்கொள்வாள். மருமகன் கோப்பில் அந்த இடத்தைத் தேடினேன். பளிச்சென்று இருக்கிறது. ஒன்றுமே இல்லை.

போன் போட்டுக் கேட்டேன். "ஒரிஜினல் கோப்பு மேலேயே சேவ் பண்ணிட்டேன் மாமா. அதான் கிளீன் பண்ணியாச்சே, அது எதுக்கு?" என்றான். கேசட்டுகள்? "ஒரு பையில கெடக்கு, தூக்கிப் போடணும்னு நெனச்சேன்." அவன் நல்ல பையன். உங்களில் முக்கால்வாசிப் பேர் அவனைப் போலத்தான் நல்ல பிள்ளைகள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

காருகுறிச்சியார் நம் ஊரில் வாழ்ந்தவர். 1921-இல் பிறந்து 1964-இல் போய்விட்டார். 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காக 1962-இல் வாசித்தது உலகத்துக்கே தெரியும். ஆனால் அவர் மணிக்கணக்காக விரித்த ராகங்களில் நமக்குக் கிடைப்பது கைப்பிடி அளவு. எல்லாம் சீறலும் பொரியலுமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதையும் 'ரீமாஸ்டர்' என்று பேர் சூட்டி வழித்து எடுத்து ஏற்றுகிறார்கள், நீங்களும் கைதட்டுகிறீர்கள். விளாத்திகுளம் சுவாமிகள் பாட்டைக் கேட்டவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். பதிவென்று ஒரு துண்டுகூட என் கைக்கு வரவில்லை. சீறலோடு ஐந்து நிமிஷம் கிடைத்தால் வேண்டாம் என்பீர்களா? பக்கத்து எட்டயபுரத்தில் 1904-இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சானபோது ஒவ்வொரு கமகத்துக்கும் ஸ்வரத்தின் மேல் சின்னச் சின்னக் குறி போட்டார்கள். தெரியாதவன் கண்ணுக்கு அவை மைத்தெறிப்பு மாதிரி இருக்கும். 'பக்கம் சுத்தமாக இல்லை' என்று எவனாவது சுரண்டியிருந்தால்?

'அப்படியானால் இரைச்சலோடேயே கேட்கச் சொல்கிறீர்களா சார்?' என்று ஒருவன் கேட்பான். இல்லை. சரிபார்க்கிற இடம் முன்னால் இருக்கிறது என்கிறேன். ஹெட்டைத் துடை. கேசட் மந்தமாகக் கேட்டால் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகாணியை மெதுவாகத் திருப்பி, தவில் கூர்மையாகக் கேட்கிற இடத்தில் நிறுத்து. நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக இல்லாவிட்டால் உச்ச ஒலி போய்விடும். டால்பி பொத்தானைப் பதிவு செய்த விதத்துக்கு ஏற்ப வை. அதன் பிறகு அப்படியே, எதையும் தொடாமல், ஒரு கோப்பு எடு. அது மூலம். அதன் நகலில் நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள், உறுமலை எடு, பொரியலை எடு, காரில் கேள்.

இன்னொன்று. 'ஹை-ரெஸ்' என்று பெருமை வேண்டாம். சாதாரணக் கேசட்டில் மிக மெல்லியதற்கும் மிகப் பலத்ததற்கும் உள்ள இடைவெளி 50, 60 டெசிபல்தான். பழைய 16 பிட் குறுந்தகடே 96 டெசிபல் கொள்ளும். கிணற்றில் இல்லாத தண்ணீர் வாளியைப் பெரிதாக்கினால் வராது. கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸிலேயே எடுங்கள், அளவு வைக்கும்போது கொஞ்சம் தாராளம் கிடைக்கும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 2 ஜி.பி. சொச்சம். 38-க்கும் சேர்த்து 80 ஜி.பி.-க்குள் அடங்கும். நகத்தளவு அட்டை ஒன்றில் இடம் மிச்சம் இருக்கும். 'இடம் இல்லை, அதனால் அழித்தேன்' என்ற சாக்கு இனி செல்லாது.

பெரியக்கா கேசட்டிலிருந்து நானே ஒரு கோப்பு எடுத்திருக்கிறேன். சீறலோடு இருக்கிறது. குடும்பக் குழுவில் இன்று இரவு போடுகிறேன். 29-ஆவது நிமிஷத்துக்கு மேல் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி, நீ தனியாக இருக்கும்போது கேள்.

மருமகனே, பையில் கிடக்கிற ஆறு கேசட்டையும் கூரியரில் அனுப்பாதே. ஸ்பீக்கர் பக்கத்திலும் வைக்காதே, அதில் காந்தம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கையில் கொண்டு வா. மீதி 32-ஐ நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து எடுப்போம். ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வைத்திருக்கிறேன்.