அவையில் எழுந்த ஐயம்

விண்வெளி ஆய்வு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஏவுதளமும், அங்கிருந்து நெருப்பைக் கக்கியவாறு எழும் ஏவூர்தியுமே ஆகும். அந்த ஏவூர்தி எழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கலம் செல்ல வேண்டிய பாதையைக் கணக்கிட்டவர்கள் ஓர் அரங்கில் கூடித் தம் கணக்குகளைப் பிறர்முன் வைத்திருப்பார்கள். அக்கூட்டங்களைப் பற்றி நாளிதழ்கள் பெரிதாக எழுதுவதில்லை. ஆயினும், ஒரு விண்கலத்தின் பயணத்தில் பெரும் மாற்றத்தை உண்டாக்கும் ஆற்றல் ஏவுதளத்தைவிட அந்த அரங்கிற்கே மிகுதி என்பது என் கருத்து. அக்கருத்துக்கு வலுவூட்டும் நிகழ்வொன்று உண்டு.

1970ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் பாசடீனா நகரில் அத்தகைய கூட்டமொன்று நடைபெற்றது. வெள்ளிக் கோளின் அருகே சென்று, அதன் ஈர்ப்புவிசையால் வேகம் குறைந்து, கதிரவனை நோக்கி உட்புறமாகத் திரும்பிப் புதனை அடையும் பயணத்தை நாசா திட்டமிட்டிருந்தது. ஒரு கோளின் ஈர்ப்பைப் பயன்படுத்தி மற்றொரு கோளுக்குச் செல்வது அதுவரை எவரும் செய்து பாராத செயல். மரைனர் 10 எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அக்கலம் புதனை ஒருமுறை கடந்து செல்லும். அத்துடன் பணி முடிந்துவிடும் என்பதே திட்டம்.

அக்கூட்டத்திற்கு இத்தாலியின் பதுவை நகர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து கணித அறிஞர் ஜுசெப்பே கொலம்போ அழைக்கப்பட்டிருந்தார். நண்பர்கள் அவரைப் 'பெப்பி' என்று அழைப்பர். புதனைக் கடந்த பின்னர் அக்கலம் கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 176 நாள்கள் ஆகும் என்பதை அவர் கவனித்தார். புதன் கதிரவனைச் சுற்றிவர எடுத்துக்கொள்வது 88 நாள்கள். கலம் ஒரு சுற்றை முடித்து அதே இடத்திற்கு மீளும்போது, புதனும் இரண்டு சுற்றுகளை முடித்து அங்கே வந்திருக்கும் அல்லவா? அவ்வாறாயின், அக்கலத்தை மீண்டும் புதனைச் சந்திக்கச் செய்ய இயலாதா? இதுவே அவர் எழுப்பிய ஐயம்.

பள்ளி மாணவரும் போட்டுப் பார்க்கக்கூடிய பெருக்கல் அது. திட்டத்தை வகுத்தவர்கள் கணிதத்தில் குறைந்தவர்கள் அல்லர். புதனை அடைவது எவ்வாறு என்னும் ஒற்றைக் கேள்வியில் அவர்களின் கவனம் முழுவதும் ஊன்றி நின்றது. கொலம்போவோ வேறொரு பழக்கத்தில் ஊறியவர். புதன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள ஏறத்தாழ 59 நாள்கள் எடுத்துக்கொள்கிறது என்று 1965இல் ரேடார் ஆய்வு கண்டறிந்தபோது, அது 88 நாள்களில் மூன்றில் இரு பங்கு என்று சுட்டிக்காட்டியவர் அவரே. எண்களுக்கிடையே எளிய விகிதங்களைத் தேடும் கண் அவருடையது. அந்தக் கண் அவ்வரங்கில் இருந்தது. அதன்முன் கணக்கும் வைக்கப்பட்டது. இவற்றுள் ஒன்று இல்லாதிருப்பினும் அந்த ஐயம் அன்று எழுந்திராது.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தினர் கணக்கிட்டுப் பார்த்தனர். புதனைக் கடக்கும் புள்ளியைக் கருத்துடன் தேர்ந்தால் அது இயலும் எனத் தெளிந்தது. 1973 நவம்பர் 3ஆம் நாள் ஏவப்பட்ட மரைனர் 10, 1974 மார்ச் 29, 1974 செப்டம்பர் 21, 1975 மார்ச் 16 ஆகிய நாள்களில் புதனை மூன்று முறை சந்தித்தது. இத்தேதிகளின் இடைவெளியை நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டுமே சரியாக 176 நாள்கள். முதற் சந்திப்பில் புதனுக்குக் காந்தப்புலம் இருப்பதற்கான அறிகுறி தென்பட்டது. அறிஞர்கள் எதிர்பாராத செய்தி அது. மூன்றாம் சந்திப்பில் 327 கிலோமீட்டர் தொலைவில் கலம் நெருங்கிச் சென்றபோதுதான் அது புதனுக்கே உரிய காந்தப்புலம் என்பது உறுதியாயிற்று.

முற்றுப்பெறாத ஆய்வை அவையில் வைத்தால் பிறர் அதனைக் கவர்ந்துகொள்வர் என்றும், பிழை வெளிப்பட்டால் இகழ்வர் என்றும் அஞ்சுவோர் உண்டு. இவ்வச்சத்தை முற்றிலும் பொருளற்றது என்று நான் தள்ளிவிடமாட்டேன். ஆயினும் ஏவப்பட்ட கலத்தைத் திரும்ப அழைத்துத் திருத்த இயலாது. தாளில் உள்ள கணக்கையோ எத்தனை முறை வேண்டுமாயினும் அடித்துத் திருத்தலாம். 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய்க் காலநிலைக் கலம் அழிந்ததை எண்ணிப் பார்க்கலாம். உந்துவிசை அளவை ஒரு கணினி நிரல் பவுண்டு அலகில் தர, மற்றொன்று அதனை நியூட்டன் அலகாகக் கொண்டது. விளைவாகக் கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் சென்று அழிந்தது. பலரும் அறிந்த செய்தி இது. விசாரணைக் குழு எடுத்துரைத்த காரணங்களுள் அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு: பாதையைக் கணக்கிட்ட சிறு குழுவின் பணியை, அதனைச் சாராத வல்லுநர் எவரும் ஆய்ந்து பார்க்கவில்லை. அலகுப் பிழையைவிட இக்குறையே என்னை மிகுதியும் வருத்துகிறது.

பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம், அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவித்த பின்னரே தொல்காப்பியம் அவையில் நிலைபெற்றதாகக் கூறுகிறது. நூல் செய்தவர் எத்துணைப் பெரியவராயினும் கேட்பவரின் ஐயத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. இன்றைய கருத்தரங்குகள் பலவற்றில் நிலைமை வேறு. கட்டுரை வரிவிடாமல் படிக்கப்படுகிறது. வினாவுக்கான நேரம் வந்ததும் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பின்னர்ச் சான்றிதழும் குழுப்படமும். படிக்கும் நேரத்தில் பாதியைக் குறைத்தேனும் அதனைக் கேட்பவர்க்கு அளிக்க வேண்டும் என்பேன். துறைக்கு அப்பாற்பட்டவர் ஒருவரையேனும் ஒவ்வோர் அமர்விற்கும் அழைத்தல் வேண்டும்.

கொலம்போ கண்ட விகிதத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. புதனில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த காலமும் 176 நாள்களே. ஆகவே, கலம் மீண்டும் மீண்டும் சென்றபோதெல்லாம் கோளின் அதே பாதியில்தான் வெயில் இருந்தது. மூன்று சந்திப்புகளிலும் சேர்த்துப் புதனின் பரப்பில் பாதிக்கும் குறைவாகவே படம்பிடிக்க முடிந்தது. எஞ்சிய பகுதியின் படங்களுக்காக, மெசஞ்சர் என்னும் கலம் புதனை நெருங்கிய 2008ஆம் ஆண்டுவரை உலகம் காத்திருக்க நேர்ந்தது. ஐரோப்பாவும் ஜப்பானும் இணைந்து 2018 அக்டோபரில் புதனை நோக்கி ஏவிய கலத்திற்குப் பெப்பிகொலம்போ என்று பெயர். புவியை ஒருமுறையும் வெள்ளியை இருமுறையும் புதனை ஆறுமுறையும் நெருங்கிக் கடந்து செல்லுமாறு அதன் பாதை வகுக்கப்பட்டது.