கெளுத்தி வாடை அடித்த சேவல்

போன ஆடிப் பதினெட்டுக்கு வீட்டில் ஒரம்பரை வந்து நிறைந்திருந்தது. காலையில் எல்லோரும் ஜேடர்பாளையம் படுகையணைக்குப் போய், ஆற்றையும் பூங்காவையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு பசியோடு திரும்பினார்கள். ஆறு மாதம் வளர்த்த இரண்டு நாட்டுச் சேவல்களை அடித்துக் குழம்பு வைத்திருந்தோம். முதல் துண்டை வாயில் போட்ட மச்சான் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் மாப்ளே, இது கோழிக் கொழம்பா, கெளுத்திக் கொழம்பா?"

பந்தியே சிரித்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மசாலாவில் தப்பில்லை, சமைத்தவர் கையிலும் தப்பில்லை. தப்பு என் வாளியில் இருந்தது.

ஜேடர்பாளையத்துக்கு வந்தவர்களுக்கு அணையோரத்து மீன் வறுவலின் மணம் தெரியும். அங்கே கழித்துப் போடும் தலையையும் குடலையும் மூன்று மாதமாக வாங்கி வந்து கோழிகளுக்குப் போட்டேன். காசில்லாத தீனி. வாளிச் சத்தம் கேட்டாலே வாழைத் தோப்பிலிருந்து பறந்தடித்துக்கொண்டு வரும். சேவல்கள் கிண்ணென்று எடை வைத்தன. கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆடு மாடு தின்கிற கொழுப்பை அதன் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் உடைத்து வேறாக மாற்றிவிடும். கோழிக்கு அந்த வசதி கிடையாது. தின்ற எண்ணெய் ஏறக்குறைய அப்படியே தோலுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மீன் எண்ணெய் தின்றால் மீன் வாடைதான். கருவாட்டுத் தூளும் இதே கதை. அதில் உப்பு வேறு. வளர்கிற குஞ்சுக்கு மீனும் கருவாடும் அளவாகப் போடலாம், சதை பிடிக்கும். அறுப்பதற்கு இரண்டு வாரம் முன்பாவது நிறுத்திவிட வேண்டும். நான் அறுக்கிற அன்றைக்கு முந்தின நாள்கூடப் போட்டிருந்தேன்.

எங்கள் ஆத்தா இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நோம்பிக்கு இன்ன சேவல் என்று பத்து நாள் முன்னாலேயே பிடித்துப் பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்துவிடுவார். அதற்குத் தனியாகக் கம்பு. தெருவில் மேயவிட மாட்டார். "கண்ட எடத்துல கெளறித் தின்னா கறி கண்டபடிதான் இருக்கும்" என்பார். பிரான்சில் ப்ரெஸ் வட்டாரத்துக் கோழிக்கு 1957-இலேயே சட்டத்தில் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். புல்வெளியில் மேய்ந்து வளர்ந்த அந்தக் கோழியைக் கடைசி நாட்களில் மரக்கூண்டில் அடைத்துத் தானியமும் பாலும் கொடுக்கிறார்கள். அங்கே மரக்கூண்டு, இங்கே பஞ்சாரம். பாலுக்கு எங்கள் ஆத்தா ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அவர் செய்த எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. கஞ்சியில் தவிட்டைப் பிசைந்து வைப்பார். தவிடு வயிற்றை நிரப்பும், எடை நிற்காது. நாள்பட்ட தவிட்டில் காறல் வாடையும் ஏறிவிடும்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வந்தான். அவனும் பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கிறான். "அண்ணா, பண்ணையில லேயர் தீவனம் மூட்டையாக் கெடைக்குது. கறிக்கோழிக்கும் அதையே போட்டா என்னங்ணா?" என்று கேட்டான். நாமக்கல் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை போகிற ஊர்களில், எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டைக்கோழித் தீவனம்தான்.

போடாதே என்றேன். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தால் மாவுக்கு நடுவே கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ நறநறவென்று படும். முட்டை ஓட்டுக்காகச் சேர்க்கிற கால்சியம் அது. முட்டைக்கோழித் தீவனத்தில் அது நூற்றுக்கு மூன்றரை, நான்கு பங்கு இருக்கும். கறிக்கோழிக்கு ஏறக்குறைய ஒரு பங்கே போதும். மிச்சத்தைச் சேவல் எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? முட்டையா போடப்போகிறது? சிறுநீரகம்தான் அந்தச் சுமையைத் தாங்கவேண்டும். அது தளர்ந்துபோன கோழியை அறுத்துப் பாருங்கள். ஈரலிலும் இதயத்தின் மேலும் வெள்ளையடித்த சுவர்போல உப்பு படிந்திருக்கும். குஞ்சாக இருக்கும்போதே ஆரம்பித்தால் கேடு இன்னும் அதிகம்.

பண்ணைக் கறிக்கோழித் தீவனம் வாங்குகிறவர்கள் மூட்டையில் தைத்திருக்கிற சீட்டைப் படிக்க வேண்டும். குஞ்சுத் தீவனத்தில் கழிச்சல் மருந்து கலந்திருப்பது சகஜம். கடைசித் தீவனம் மருந்தில்லாததாக இருக்க வேண்டும். மருந்து கொடுத்திருந்தால், அதை நிறுத்தி எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கு வளர்க்கும் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று மத்திய அரசு 2019-இல் தடை போட்டது சும்மா இல்லை.

கடலைப் புண்ணாக்கு நல்ல பொருள்தான், பூசணம் பிடிக்காதவரை. 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்துப்போய், காரணம் தேடியபோது கடைசியில் அகப்பட்டது பிரேசிலிலிருந்து வந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது. சந்தேகமான மூட்டையை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் காட்டலாம். பத்துக் கோழிக்கு அவ்வளவு தூரம் போவானேன் என்றால், மோந்து பார்த்து வாடை அடித்தால் குப்பையில் கொட்டிவிடுங்கள். ஆட்டுக்கும் போடாதீர்கள்.

அப்படியானால் கடைசி இரண்டு வாரம் என்னதான் போடுவது? உடைத்த மக்காச்சோளம் பாதி, கம்பு கால், மிச்சத்துக்குக் குருணையும் கொஞ்சம் நல்ல புண்ணாக்கும். இது என் கணக்கு, வேதம் அல்ல. மக்காச்சோளம் தின்றால் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். வெறும் குருணை தின்றால் வெளுத்திருக்கும். மயிர் பிடுங்கி, மஞ்சள் தடவி, ஓலைத் தீயில் வாட்டும்போது தோலிலிருந்து நெய் சொட்டி நெருப்பு சொய்யென்று சீறும் பாருங்கள், அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்ன தின்றதென்று. போன ஆடியில் அந்தப் புகையே மீன் வறுவல்போல இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

முந்தின சாயங்காலத்தோடு தீனியை நிறுத்துங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். இரைப்பை நிறையத் தானியத்தோடு அறுத்தால் கத்தி பட்ட இடமெல்லாம் சிந்திக் கறி அழுக்காகும்.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு சேவல் இருக்கிறது. மச்சானுக்குச் சொல்லியாகிவிட்டது. நீங்களும் பதினெட்டுக்குக் கோழி அடிப்பதாக இருந்தால், ஆடி மூன்றாம் தேதியோடு மீன் வாளியை நிறுத்திவிடுங்கள்.