வாசற்கதவுக்குச் சாம்பல் நிறம் ஆகாதா?



தீபாவளி நெருங்கிவிட்டால் நம்மவர் வீடுகளில் சாய வாளிகள் திறக்கப்படும். இக்காலத்து இளையோர் பலர் வாசற்கதவுக்குச் சாம்பல் நிறத்தை விரும்புகின்றனர். பெரியவர்களோ, "இலட்சுமி நுழையும் வாசலுக்குச் சாம்பலா?" என்று முகம் சுளிக்கின்றனர். இரு தரப்பாருமே சற்றுச் சிந்திக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பெரியவர்களுக்கு. சாம்பல் அமங்கலம் என்றால், நாள்தோறும் நெற்றியில் அணியும் திருநீறு எது? சாணத்தைச் சுட்டெடுத்த சாம்பல்தானே! வாசலின் மங்கலம் மாவிலைத் தோரணத்திலும், நிலையில் இட்ட மஞ்சள் குங்குமத்திலும், கோலத்திலும் இருக்கிறது. சாம்பல் நிறக் கதவின் முன் இவை மேலும் எடுப்பாகவே தெரியும்.

இனி இளையோருக்கு. படத்தில் பார்த்த சாம்பல் நிறம் உங்கள் கதவில் அப்படியே வராது. பிரான்சின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்து வந்த வேதியியல் அறிஞர் செவ்ரெல், 1839-இல் வெளியிட்ட நூலில் இதற்கான காரணத்தை விளக்கினார். ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தால் மாறித் தோன்றும். சாம்பலில் இது நன்றாகப் புலப்படும். மஞ்சள் சுவரின் நடுவே அது நீலம் கலந்ததுபோலவும், செங்கல் சிவப்பின் அருகே பச்சை படர்ந்ததுபோலவும் தெரியும். எனவே, மஞ்சள் சார்ந்த சுவர் உடையோர் சிறிது பழுப்புச் சாயல் கொண்ட சாம்பலைத் தேர்ந்தெடுப்பது நலம்.

கடையில் தரும் சிறு அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பலகையில் இருமுறை பூசி, நன்கு காய்ந்த பின் கதவருகே சாய்த்து வையுங்கள். காலையிலும் உச்சி வெயிலிலும் மழை மூட்டத்திலும் பாருங்கள். மேற்குப் பார்த்த மரக்கதவுக்கு அடர் சாம்பல் வேண்டாம். அது வெயிலை மிகுதியாக உள்வாங்கிச் சூடேறும், மரமும் வெடிக்கக்கூடும்.

ஒரு கதவுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். நம் பாட்டன் பாட்டியர் வாழ்ந்த தோட்ட லயங்கள் நிர்வாகத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். 1950, 60-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அப்படி வீடிழந்தோர் பலர். அந்த வேதனையைக் கண்டுதான், நம் பேராக்கின் சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அந்த வரலாற்றைக் கடந்து வந்தவர்களுக்குச் சொந்தக் கதவின் நிறத்தைத் தாமே முடிவு செய்வது சிறிய உரிமை அன்று.

அந்த உரிமையை வீண் அச்சத்துக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிறர் வீட்டுப் படத்துக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கண்ணால் கண்டு, வீட்டாரோடு கலந்து பேசி முடிவெடுங்கள். அந்த முடிவு சாம்பல் நிறமானால், தயங்காமல் பூசுங்கள். தோரணத்தையும் மறவாமல் கட்டுங்கள்.