பாறையின் மேல் பழி

பௌர்ணமி வந்தால் எங்கள் இரும்புலியூர்ச் சாலையில் திருவண்ணாமலைப் பஸ்களுக்குக் குறைவிராது. கிரிவலம் போகிறவர்களை நான் பரிகசிக்கவில்லை, நானும் போனவன்தான். ஆனால் கைகூப்பி வணங்குகிற அந்த மலையை, மழை நாளில் நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்?

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் மழையில், அந்த மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் பாறையும் சேறுமாக இறங்கிற்று. 7 பேர் மாண்டார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

மறுவாரம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "மலையடியில் வீடு கட்டினால் வேறென்ன ஸார் நடக்கும்?" என்று தீர்ப்பளித்தார். 2015 டிசம்பரில் பக்கத்து முடிச்சூரில் தெருவிலே படகு போயிற்றே! 'நீர் ஓடுகிற இடத்தில் ஏன் குடியேறினீர்?' என்று அப்போது எவராவது கேட்டிருந்தால் நமக்கு எவ்வளவு ரோஷம் வந்திருக்கும்! ஏழை மலையடியில் குடியேறினால் ஆக்கிரமிப்பு. நாம் ஏரியோரம் மனை வாங்கினால் முதலீடு.

'இயற்கையின் சீற்றம்' என்றொரு சொல்லை வைத்திருக்கிறோம். வக்கீல் இல்லாத பிரதிவாதி அது. எந்தக் குற்றத்தையும் அதன்மேல் சுமத்தலாம். பாறை கோபித்துக்கொள்வதில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி அதன் பிடிப்பைத் தளர்த்துகிறது. தளர்ந்த மண் கல்லையும் மரத்தையும் வாரிக்கொண்டு ஓடைவழியே ஓடி வருகிறது. இதற்கு நம்மவர் பெரிதும் நம்பும் மருந்து அடிவாரத்தில் ஒரு சுவர். அதிலே நீர் கசியத் துவாரம் வைக்க மறந்தால், பின்னால் தேங்கும் நீரே அதைத் தள்ளிவிடும்.

வழி இல்லாமலா போயிற்று? ஜப்பானில் மண்ணரிப்பையும் சரிவையும் தடுப்பதற்கென்றே 1897-இல் சட்டம் செய்தார்கள். ஐரோப்பிய மலைகளில் ஓடையின் குறுக்கே உருக்கு வளையங்களால் பின்னிய வலை கட்டுகிறார்கள். அது செம்படவர் வலைபோல் நெகிழ்ந்து பாறையின் வேகத்தை விழுங்கும். நீரை வழியவிட்டுக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். கட்டிவிட்டு மறந்தால் ஆகாது. சிக்கிய கல்லை அவ்வப்போது அள்ளவேண்டும். நம் கொங்கண் ரயில்பாதையிலும் பாறைகளுக்கு வலை போர்த்தியிருக்கிறார்கள். அந்த வேலை சூடுபிடித்தது எப்போது? 2003-இல் 50 பேருக்கு மேல் பலியாகி, 2004-இல் இன்னொரு ரயிலும் பாறையில் மோதிய பிறகு!

ரயிலுக்காவது அவ்வளவு கிடைத்தது. வலையும் தாங்காத சரிவென்றால், அங்கிருப்பவர்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு எழுந்திருக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை எடுக்காதீர்கள். மண் மூடிய அந்த வீடு இருந்தது வ.உ.சி. நகர் 11-ஆவது தெருவில். தெருவுக்கு எண் போட்டவர்களுக்கு மேலே நிற்கிற மலை தெரியவில்லையா?