மூளையின் காவலர்

எண்ணுதற்குக் கருவியாகிய நரம்பணுக்களைப் புகழ்வார் பலர். அவற்றைக் காத்து நிற்கும் சிற்றணுக்களை நினைப்பார் சிலரே. 1919-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்து அறிஞர் பீயோ டெல் ரியோ ஓர்டேகா இவற்றைத் தனியினமெனக் கண்டு, மைக்ரோகிளியா எனப் பெயரிட்டார். 2005-ஆம் ஆண்டில் உயிருள்ள எலியின் மூளையை ஆராய்ந்தோர், இவை தம் நுண்கிளைகளை இடையறாது நீட்டியும் மடக்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவுதலைக் கண்டனர்.

இக்காவலர்க்குச் செய்தி எட்டுவது எங்ஙனம்? எலும்பிற்கு உறுதி தரும் கால்சியமே ஈண்டுத் தூதாகின்றது. உயிரணுவின் புறத்தே அது மிகுதி. அகத்தே தனித்துலவுவது ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்கே. அருகில் ஓரணு சிதைந்து ஏ.டி.பி. என்னும் பொருள் கசியுமாயின், காவலணு அதனை உணரும். உடனே அதன் அகத்தே கால்சியம் பெருகும். கால்மோடுலின் என்னும் புரதம் அதனைப் பற்றி உருமாறும். இப்புரதம் ஒருவகைப் பொட்டாசிய வாயிலோடு முன்னரே பிணைந்திருத்தலின், அவ்வாயில் திறக்கும். பொட்டாசியம் வெளியேற, அணுவின் உட்புறத்தில் எதிர்மின் மிகும். அவ்விசை மேலும் கால்சியத்தை உள்ளே ஈர்க்கும். இச்சுழல் அளவோடு நிற்பின் காவலாம். அளவு கடந்து நீடிப்பின், காவலனே மனைக்குத் தீயிட்டாற்போல, அழற்சிக்குத் துணையாம்.

அற்றேல், இவ்வணுக்களையே ஒழித்துவிடலாகாதோ என வினவுவார் உளர். 2014-ஆம் ஆண்டில் எலிகளின் மூளையிலிருந்து மருந்தினால் இவற்றை ஏறத்தாழ முற்றும் அகற்றிக் காட்டினர். மருந்தை நிறுத்தவே அவை மீண்டும் நிரம்பின. இடைக்காலத்தே அவ்வெலிகள் பெருங்கேடு எய்தவில்லை என்பதும் மெய்யே. ஆயினும், கூண்டில் பேணப்பெறும் எலிக்குச் சின்னாள் ஒத்தது, நோய்க்கிருமிகளிடையே நெடுநாள் வாழும் மனிதர்க்கும் ஒக்குமெனத் துணிதல் தகாது. கிருமியைத் தடுத்தலும், இறந்த அணுக்களை அகற்றலும், வளரும் மூளையில் வேண்டாத நரம்பிணைப்புகளைக் களைதலும் இவற்றின் தொழில்களன்றோ!

ஆதலின், காவலனைக் கொல்லாது வாயிலைச் செவ்வைப்படுத்தலே நன்னெறி என்பது எம் கருத்து. மேற்கூறிய வாயிலை அடைக்கும் செனிகாபோக் என்னும் மருந்து, முதலில் அரிவாளணுச் சோகைக்கென ஆக்கப்பெற்றது. அந்நோயாளரின் வேதனையைக் குறைக்கும் முயற்சியில் தோற்றது. பின்னர் அதுவே, அல்ஸைமர் நோய்க்கு ஒப்பான நிலையுடைய எலிகளின் மூளையில் அழற்சியைத் தணித்தது. எலியிற் பெற்ற வெற்றி மனிதர்க்கு மருந்தாகிவிடாது; பொறுமையுடன் சோதித்தல் வேண்டும். எனினும் ஒன்று தெளிவு: எவ்வாயில் எதனால் திறக்கின்றதென அறியாதார், அதனை அளவோடு அடைக்கவும் அறியார். உடனடிப் பயன் காணாத நுண்ணாராய்ச்சியை வீணென இகழும் மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக.