வெளுப்புக்குப் பின்னால் என்ன?

தமிழக எல்லையை ஒட்டிய கேரள மலைகளில், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியானாலும் இடுக்கியின் தேயிலை எஸ்டேட் லயங்களானாலும், குழந்தை வெளுத்துச் சோர்ந்து கிடந்தால் முதலில் வரும் தீர்ப்பு: "ரத்தம் கம்மி." பெரும்பாலும் அது சரிதான். அட்டப்பாடியில் 2013இல் சிசுக்கள் அடுத்தடுத்து இறந்தபோது தாய்மார்களின் ரத்தசோகை நாடெங்கும் பேசப்பட்டது. அங்குள்ள பழங்குடியினரிடையே அரிவாள் செல் நோயும் உண்டு. ரத்தசோகை சகஜமாகிவிட்ட இப்படிப்பட்ட இடங்களில், எப்போதோ வரும் தீவிர ரத்தப் புற்றுநோய் கவனிக்கப்படாமல் போய்விடலாம்.

ரத்தசோகை முற்றினால் புற்றுநோயாகும் என்ற பயம் பலருக்கு உண்டு. உண்மையில் புற்றுநோய்தான் ரத்தசோகையை உண்டாக்குகிறது. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளையணுக்கள் களைபோல மண்டுகின்றன. சிவப்பணு உற்பத்தி குறைந்து உடம்பு வெளுக்கிறது. தட்டணுக்கள் குறைவதால் ஈறில் ரத்தம் கசிகிறது. அடிபடாமலே தோலில் நீலத்திட்டுகள் தோன்றுகின்றன. கிருமியை எதிர்க்கும் அணுக்கள் குறைவதால் காய்ச்சல் விடுவதில்லை. கால் எலும்பு வலிப்பதாகக் குழந்தை அழலாம்.

இரண்டு நோய்களுக்கும் வேறொரு பழைய தொடர்பும் உண்டு. பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாரத்தால் குணமாவதை லூசி வில்ஸ் 1931இல் எழுதினார். அதிலிருந்த சத்து ஃபோலிக் அமிலம். அதை அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் அந்த வகைப் பொருள்களை லுக்கேமியா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததாகத் தெரிந்தது. அதனால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் அமினோப்டெரினை சுப்பாராவ் குழுவிடம் பெற்றுக் கொடுத்துப் பார்த்தார். 1948இல் வெளியான முடிவு: 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிக நிவாரணம். அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் சிகிச்சையில் இருக்கிறது.

இதற்காகச் சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாதாரண ரத்தசோகைக்கு அதுதான் மருந்து. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். வெளுப்போடு காய்ச்சலோ ரத்தக் கசிவோ இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. எல்லா அணுக்களின் எண்ணிக்கையும், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும் சாதாரணப் பரிசோதனைகள்தான். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகை, சிகிச்சையை முழுதாக முடித்தால், இன்று பெரும்பாலும் குணமாகிறது. ஒரு நாள் கூலி போனாலும் மலையிலிருந்து இறங்கி அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது.